லயத்துக்கு வந்து போனதை யார் அளப்பது?

வெளிநாட்டு மதிப்பீட்டுக் கருவி ஒன்றை எடுத்து நம் பல்கலைக்கழகங்களின் சமூக ஈடுபாட்டை அளந்து பார்ப்போம் என்ற பேச்சு இப்போது எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் காதில் விழுகிறது. நல்ல விஷயம்தான், பேசத்தான் வேண்டும். நான் இலங்கையின் மலையகத்தில் உள்ள ஒரு அரச பல்கலைக்கழகத்தில் வேலை செய்கிறேன், தர உறுதிப்பாட்டு வேலையில் ஒரு பங்கு என் மேசைக்கும் வரும், வீடு தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில். அதனால் படிவத்தை நிரப்புகிற பக்கமும் எனக்குத் தெரியும், அதே படிவத்தில் 'பயனாளிகள்' என்ற கட்டத்துக்குள் ஒரு எண்ணாகப் போய்ச் சேர்கிற பக்கமும் தெரியும். இரண்டும் தெரிந்திருக்கும்போது கூட்டத்தில் இரண்டு நிமிடம் பேசிவிட்டு உட்கார்ந்தால் போதாது என்று பட்டது, அதனால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளமாகப் போகும்.

சொல்ல வருவதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த நாட்டுக் கருவியை எடுத்தாலும் சரி, அதில் எந்தக் குறிகாட்டியை வைப்பது எதை எடுப்பது என்று மண்டையை உடைப்பதற்கு முன்னால், அந்தப் படிவத்தில் பாதியைத் தோட்டத்து ஆட்கள் நிரப்ப வேண்டும் என்று முடிவெடுக்க வேண்டும். அதைச் செய்யாமல் மற்ற எதை மாற்றினாலும் பல்கலைக்கழகம் தன்னைத் தானே அளந்துகொண்டதாகத்தான் முடியும்.

கருவிகளைப் பற்றித் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். அதிகம் பேர் எடுத்துக்காட்டுவது அமெரிக்காவின் கார்னகி சமூக ஈடுபாட்டு வகைப்பாட்டை. 2006இல் அதை முதன்முதலாகக் கொடுத்தார்கள். விரும்புகிற பல்கலைக்கழகம் தானாக விண்ணப்பிக்க வேண்டும், தன் கொள்கை, பட்ஜெட், பாடத்திட்டம், பதவி உயர்வு விதிகள் எல்லாவற்றிலும் சமூகம் எங்கே இருக்கிறது என்று ஆதாரத்தோடு எழுத வேண்டும், 15 வரையான கூட்டு முயற்சிகளை ஒவ்வொன்றாக விவரிக்க வேண்டும். அறிவும் வளமும் இரண்டு பக்கமும் போய்வர வேண்டும், இரண்டு தரப்புக்கும் பயன் கிடைக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. பிரித்தானியாவில் பொதுமக்கள் ஈடுபாட்டுக்கென்று ஒரு தேசிய நிலையம் 2008 முதல் பிரிஸ்டலில் இருந்து இயங்குகிறது. அவர்களுடைய எட்ஜ் கருவி, நோக்கம், தலைமைத்துவம், அங்கீகாரம், மாணவர், பொதுமக்கள் என்று ஒன்பது விஷயங்களை எடுத்து, கருநிலையில் இருந்து வேரூன்றிய நிலை வரை நான்கு படிகளில் நிறுத்திப் பார்க்கச் சொல்கிறது. ஐரோப்பாவில் 2018 தொடக்கம் 2020 வரை டெஃப்சே என்று ஒரு திட்டம் நடந்தது. ட்ரெஸ்டன், ட்வென்டே, ரியேகா, டப்ளின் ஆகிய நான்கு இடங்களிலும் பரீட்சித்துப் பார்த்து, தரவரிசைக்குப் பதிலாகப் பேசிப் பேசியே ஒரு பல்கலைக்கழகத்தின் நிலைமையை வரைந்துகொள்ளும் முறையை உருவாக்கினார்கள். இதைப் பற்றிப் பிறகு கொஞ்சம் விரிவாக வருகிறேன், எனக்குப் பிடித்தது இதுதான்.

இவற்றை அப்படியே தூக்கிவந்து வைக்க முடியாது என்பது நமக்கு மட்டும் தோன்றிய விஷயம் இல்லை. கார்னகி படிவத்தை அயர்லாந்து எடுத்துப் பரீட்சித்தது, அப்புறம் கனடாவும் அவுஸ்திரேலியாவும் தங்கள் பல்கலைக்கழகங்கள் சிலவற்றைச் சேர்த்துச் செய்து பார்த்தன. கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் முதற்குடி மக்களின் நிலத்தின் மேல்தான் பல்கலைக்கழகங்கள் நிற்கின்றன, அந்த உறவை அமெரிக்கப் படிவத்தின் எந்தக் கட்டத்துக்குள் எழுதுவது என்ற கேள்வி அங்கே வந்தது. கேள்வி வந்தது என்பதே பெரிய விஷயம். அந்த மாதிரி ஒரு கேள்வி நமக்கும் இருக்கிறது, நாம் இன்னும் கேட்கவில்லை.

நம் கேள்வி இதுதான். அமெரிக்காவில் 1862இல் நிலக்கொடைச் சட்டம் வந்தது, அரசாங்கம் நிலம் கொடுத்துப் பல்கலைக்கழகங்களை உண்டாக்கியது, 1914 முதல் அந்தப் பல்கலைக்கழகங்களின் விரிவாக்க அலுவலர்கள் விவசாயியின் வயலுக்கே போய்வர ஆரம்பித்தார்கள். நூறு வருடத்துக்கு மேலான பழக்கம் அது. அந்தப் பழக்கத்தின் மேல் எழுந்த படிவம், பல்கலைக்கழகமும் ஊரும் ஏற்கெனவே ஒன்றையொன்று அறியும் என்று எடுத்துக்கொள்கிறது. இங்கே? இலங்கைப் பல்கலைக்கழகம் 1942இல் தொடங்கியது, 1952இல் பேராதனைக்கு வந்தது. அது மலைநாட்டுக்கு வந்து சேர்ந்த நேரத்தில், சுற்றியிருந்த மலைகளில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த ஆட்களில் பெரும்பாலானோர் 1948 பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்கள். இலவசக் கல்வி 1945இல் வந்தது, தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் முழுதாகப் பொறுப்பேற்றது 1970களில்தான். அதாவது நாட்டின் முதல் பல்கலைக்கழகம் பக்கத்து மலையில் இருந்த காலத்தில் எங்கள் தாத்தா பாட்டி காலத்து ஆட்களுக்கு அந்த வாசலுக்குப் போக ஒரு பாதையும் இல்லை. பிந்திய காலத்தில் சபரகமுவ வந்தது, பதுளையில் ஊவா வெல்லஸ்ஸ வந்தது, பிள்ளைகள் போகிறார்கள், விரிவுரையாளர்களாகக்கூட இருக்கிறார்கள். ஆனால் உறவு பூச்சியத்தில் இருந்து தொடங்கவில்லை, அதற்கும் கீழே இருந்து தொடங்கியது. இதைக் கணக்கில் எடுக்காத எந்தக் கருவியும் மலையகத்துக்குப் பொருந்தாது.

நம்மிடம் சொந்தமாக ஒன்றும் இல்லை என்றும் நினைக்க வேண்டாம். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் 2015 நிறுவன மீளாய்வுக் கைநூலில் பத்து அளவுகோல்கள் இருக்கின்றன, எட்டாவது அளவுகோல் சமூக ஈடுபாடு, ஆலோசனைச் சேவை, வெளிக்களப் பணி பற்றியது. ஒவ்வொரு தரநியமத்துக்கும் 0 முதல் 3 வரை புள்ளி. பல்கலைக்கழகம் சுயமதிப்பீட்டு அறிக்கை எழுதும், மீளாய்வாளர்கள் வந்து ஆதாரங்களைப் பார்ப்பார்கள். முறை நல்ல முறைதான், நாலு பேர் வெளியில் இருந்து வந்து கேள்வி கேட்கிறார்கள் என்பதற்காகவே பல இடங்களில் பல வேலைகள் நடந்திருக்கின்றன. ஆனால் ஆதாரம் என்று பைலில் என்ன போய்ச் சேர்கிறது என்று பார்த்தால், புரிந்துணர்வு ஒப்பந்தம், பெனருக்கு முன்னால் நின்று எடுத்த போட்டோ, வரவுப் பதிவு, நன்றிக் கடிதம். வரவுப் பதிவில் கையெழுத்தும் பெருவிரல் அடையாளமும் இருந்தால் ஆட்கள் வந்தார்கள் என்று அர்த்தம். வந்த ஆட்களுக்கு என்ன நடந்தது என்று சொல்லும் ஒரு தாள் அந்தப் பைலில் இருப்பதை நான் பார்த்தது மிகக் குறைவு.

எங்கள் தோட்டத்துக்கு ஒரு தடவை ஒரு குழு வந்தது. எங்கிருந்து வந்தார்கள் என்று எழுதப் போவதில்லை, நல்ல நோக்கத்தோடு வந்த பிள்ளைகள், அவர்களைக் காட்டிக்கொடுப்பதற்காக இதை எழுதவில்லை. பிள்ளை மடுவத்தில் (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தில்) மேசை போட்டு, கொழுந்து எடுக்கும் பெண்களின் உயரம் நிறை பார்த்து, விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, கையடக்கமான ஒரு கருவியில் வைத்துப் பார்த்தார்கள். ரத்தச்சோகை பற்றிய ஆய்வு. எல்லோருக்கும் ஒரு பிஸ்கட் பெக்கட்டும் ஒரு சவர்க்காரமும் கொடுத்தார்கள். கொஞ்ச நாள் கழித்துப் பக்கத்துக் காம்பராவில் (லயம் என்கிற வரிசை வீட்டின் அறையில்) இருக்கும் பெரியம்மா என்னிடம் கேட்டார், "தம்பி, நீயும் கெம்பஸ்லதானே இருக்க, அன்னைக்கு வந்த புள்ளைங்க ரத்தம் எடுத்தாங்கள்ல, அந்தச் சின்ன மெசின்ல நம்பர் விழுந்துச்சு, அந்தப் புள்ள பார்த்து எழுதிக்கிச்சு. எனக்கு எவ்வளவுன்னு கேட்டுச் சொல்றியா?"

நம்பர் அந்த இடத்திலேயே விழுந்திருக்கிறது, பெரியம்மாவின் முகத்துக்கு முன்னால். வாயைத் திறந்து சொல்லியிருந்தால் ஒரு நொடி வேலை. குறைவாக இருந்தால் கிளினிக்குக்குப் போங்கள் அம்மா என்று ஒரு வார்த்தை. அது நடக்கவில்லை. நான் விசாரித்துப் பார்த்தேன், பெயர் இல்லாமல் இலக்கம் போட்டு வைத்திருப்பதால் யாருடையது எது என்று இனிக் கண்டுபிடிக்க முடியாது என்று பதில் வந்தது. ஆய்வு ஒழுங்குமுறைப்படி அது சரி. அந்த நாள் ஏதோ ஒரு அறிக்கையில் 'இலவச சுகாதார முகாம்' என்று ஒரு வரியாகப் போயிருக்கும், பயனாளிகள் எண்ணிக்கையோடு. எட்ஜிலும் அது ஒரு படி ஏறும், கார்னகியிலும் ஒரு கட்டம் நிரம்பும், எட்டாவது அளவுகோலிலும் புள்ளி வரும். பெரியம்மாவுக்குத் தன் ரத்தத்தில் என்ன இருந்தது என்று இன்றைக்கும் தெரியாது.

இது ஒரு தோட்டத்துக் கதை மட்டும் இல்லை. மெயின் ரோட்டை ஒட்டிய தோட்டங்களுக்கு ஆய்வாளர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள், போசாக்கு, நிறைகுறைந்த குழந்தைகள், சம்பளம், வீடு, குடிப்பழக்கம் என்று. ஒரே கேள்விகளுக்கு ஒரே ஆட்கள் திரும்பத் திரும்பப் பதில் சொல்கிறார்கள். ரோட்டில் இருந்து மண் பாதையில் உள்ளே போக வேண்டிய மேற்கணக்கு டிவிசனுக்கு, அதாவது தோட்டத்தின் மேல் பிரிவுக்கு, ஒருவரும் போவதில்லை, வாடகை வேன்காரர் வர மாட்டேன் என்கிறார், மழையில் ஏறாது. நம் ஊருக்கு ஏற்ற கருவியில் முதல் மாற்றமாக நான் கேட்பது, எத்தனை தோட்டத்துக்குப் போனீர்கள் என்பதோடு ரோட்டில் இருந்து எவ்வளவு தூரம் உள்ளே போனீர்கள் என்பதையும் எழுத வைக்க வேண்டும். சின்ன விஷயம் மாதிரித் தெரியும், ஆனால் இந்த ஒரு கட்டம் வந்தாலே பல திட்டங்களின் பாதை மாறிவிடும்.

அடுத்தது வாசல் விவகாரம். வெளிநாட்டுக் கருவிகள் எல்லாவற்றிலும் 'சமூகப் பங்காளி' என்று ஒருவர் இருக்கிறார். அவருக்கு ஒரு முகவரி இருக்கிறது, ஒரு அமைப்பு இருக்கிறது, ஒரு மின்னஞ்சல் இருக்கிறது. கார்னகியில் பங்காளிகளின் பட்டியலைப் பல்கலைக்கழகம் கொடுத்தால் அவர்களுக்கே கருத்துக்கணிப்பு அனுப்பிக் கேட்கும் வழக்கமும் பின்னர் வந்திருக்கிறது, மெச்ச வேண்டிய மாற்றம். ஆனால் தோட்டத்தில் அந்தப் பங்காளி யார்? 1992இல் இருந்து தோட்டங்களைக் கம்பனிகள் நடத்துகின்றன. லயம் இருக்கும் நிலம், பாதை, பிள்ளை மடுவம், விளையாட்டு மைதானம் எல்லாம் நிர்வாகத்தின் கையில். பிரதேச சபை தோட்டத்துக்குள் செலவு செய்வதற்கே 2018இல் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது. ஒரு பல்கலைக்கழகக் குழு உள்ளே வர வேண்டுமென்றால் தொரைக்கு (தோட்ட மேலாளருக்கு) கடிதம் எழுதி அனுமதி வாங்கும். அதனால் பங்காளி என்ற கட்டத்தில் தோட்ட நிர்வாகத்தின் பெயர் விழும், இல்லாவிட்டால் ஒரு தொண்டு நிறுவனத்தின் பெயர். அவர்களுக்கு மின்னஞ்சல் போகும், அவர்கள் நன்றாக நடந்தது என்று பதில் போடுவார்கள், அவர்கள் பார்த்த வரைக்கும் நன்றாகத்தான் நடந்திருக்கும்.

நிர்வாகத்தைப் பகைத்துக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அனுமதி கேட்கத்தான் வேண்டும். ஆனால் அனுமதி கொடுத்தவரும் பங்காளியும் ஒரே ஆள் இல்லை, படிவத்தில் இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம் வேண்டும். தொழிற்சங்கத் தலைவர் விஷயத்திலும் இதே பேச்சுத்தான். கொழுந்து எடுப்பவர்கள் பெண்கள், கமிட்டியில் பேசுபவர் பெரும்பாலும் ஆண். தலைவரிடம் கேட்டதோடு தோட்டத்தையே கேட்டதாக எழுதுவது நடக்கக் கூடாது.

நேரமும் ஒரு செலவுதான். வேலை நாளில் காலை பத்து மணிக்கு விழிப்புணர்வுக் கருத்தரங்கு வைத்தால் வருகிற பெண்ணுக்கு அன்றைய பேர் (ஒரு நாள் சம்பளக் கணக்கு) போகும், அல்லது மத்தியானத்துக்கு மேல் மலைக்குப் போய் கொழுந்து கிலோ காணாமல் அரைப்பேர் விழும். பல்கலைக்கழகம் இலவசமாகக் கொடுத்தது என்று எழுதிய நிகழ்ச்சிக்கு அவர் ஒரு நாள் சம்பளம் கொடுத்திருக்கிறார். டப்ளினிலோ பொஸ்டனிலோ இந்தக் கேள்வி எப்படி இருக்குமோ, நுவரெலியா மாவட்டத்தில் இதைக் கேட்காமல் ஒரு மதிப்பீட்டைச் செய்யவே கூடாது. சமூகம் தன் பக்கத்தில் இருந்து என்ன கொடுத்தது என்று எழுத இடம் வேண்டும், நேரமாக, சம்பளமாக, சமைத்துப்போட்ட சாப்பாடாக. வந்த குழுவுக்கு ரொட்டியும் சம்பலும் தேத்தண்ணியும் கொடுக்காமல் அனுப்பிய தோட்டத்தை நான் பார்த்ததில்லை, அதை எந்த அறிக்கையிலும் பார்த்ததில்லை.

இப்போது டெஃப்சேக்கு வருகிறேன். அதில் ஒரு பல்கலைக்கழகத்தை ஐந்து கோணங்களில் பார்க்கிறார்கள். ஈடுபாடு எவ்வளவு உண்மையானது, எந்தச் சமூகத் தேவைக்குப் பதில் சொல்கிறது, எந்த மக்களோடு நடக்கிறது, பல்கலைக்கழகத்துக்குள் எவ்வளவு பரவியிருக்கிறது, தொடர்ந்து நிற்குமா. இந்த மூன்றாவது கோணத்தை நம் ஆட்கள் கொஞ்சம் நின்று படிக்க வேண்டும். கம்பனி, பாடசாலை, பெரிய தொண்டு நிறுவனம் மாதிரி ஏற்கெனவே கட்டமைப்பும் வசதியும் உள்ளவர்களோடு மட்டும் வேலை செய்கிறீர்களா, இல்லை வசதியில்லாத, எட்டிப்பிடிக்கக் கஷ்டமான ஆட்களோடும் செய்கிறீர்களா என்று அது நேரடியாகக் கேட்கிறது. மலையகத்துக்கு இதைவிடத் தேவையான கேள்வி ஒன்று இல்லை. இன்னொன்று, முதலில் எண்களைக் கேட்காமல் கதைகளைக் கேட்கிறார்கள். யார் என்ன செய்தார்கள், எப்படி நடந்தது என்று விரிவுரையாளர்களிடமும் வெளியாட்களிடமும் சேகரித்து, அதை எல்லோரும் ஒரு மேசையில் உட்கார்ந்து பேசித்தான் முடிவுக்கு வருகிறார்கள்.

கதையாகக் கேட்டால் என்ன வித்தியாசம் என்று கேட்பவர்களுக்கு எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு விரிவுரையாளர், தன் பாடத்தின் செய்முறைக்காக மாணவர்களைக் கூட்டிக்கொண்டு ஒரு தோட்டத்துப் பீலித் தண்ணீரைப் போத்தலில் பிடித்துப் போனார். லயத்துக்கு மேலே இருக்கும் ஊற்றில் இருந்து குழாய் போட்டு வருகிற தண்ணீர், ஊற்றுக்கு மேலே மரக்கறித் தோட்டம், அதற்குப் பக்கத்தில் மாட்டுக் கொட்டில். சோதனை முடிவு வந்ததும் அவர் திரும்ப வந்தார். ஒரு பெரிய தாளில் தமிழில், எந்தப் பீலியில் என்ன இருக்கிறது, எதைக் கொதிக்க வைக்காமல் குடிக்கக் கூடாது என்று மார்க்கரால் எழுதிப் பிள்ளை மடுவத்துச் சுவரில் ஒட்டினார். அதில் ஒரு போட்டோக்கொப்பியை மாதர் சங்கத்து அக்கா ஒருவரின் கையில் கொடுத்தார். அந்த அக்கா அதைச் சேலை முந்தானையில் சுற்றி எடுத்துக்கொண்டு முதலில் தோட்ட ஆபீசுக்குப் போனார், அப்புறம் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் போனார், ஊற்றைச் சுற்றி வேலி போடும் வரைக்கும் விடவில்லை. பெனர் இல்லை, போட்டோ இல்லை, வரவுப் பதிவும் இல்லை. எண்களைக் கேட்கும் படிவத்தில் அந்த வேலைக்குப் பயனாளிகள் பூச்சியம். கதையைக் கேட்கும் முறையில் அது முதல் பக்கத்தில் வரும்.

திரும்ப வந்து சொல்வது ஒரு மரியாதை விஷயம் என்று மட்டும் நினைக்கிறவர்கள் மீரியபெத்தையை நினைத்துப் பார்க்க வேண்டும். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அதற்குப் பல வருடம் முன்னரே சொல்லியிருந்தது. அறிவு இருந்தது. காகிதத்தில் இருந்தது, அலுவலகங்களுக்கு நடுவில் இருந்தது. அது லயத்துக்கு வந்து, இங்கே இருக்க வேண்டாம் எழும்பிப் போங்கள், போவதற்கு இடம் இது என்று ஒரு வேலையாக மாறவில்லை. அதற்கான பொறுப்பு பல கைகளில் இருக்கிறது, அதைப் பல்கலைக்கழகத்தின் தலையில் கட்ட நான் வரவில்லை. ஆனால் 'அறிக்கை சமர்ப்பிக்கப்பட்டது' என்ற இடத்தோடு வேலை முடிந்ததாகப் புள்ளி கொடுக்கும் ஒரு கருவி, அறிக்கை சமர்ப்பிக்கப்பட்டதற்கும் ஒரு குடும்பம் உயிரோடு இறங்கி வந்ததற்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்க்காது. மண்சரிவு, மண் பரிசோதனை, தண்ணீர், ரத்தச்சோகை, நம் பல்கலைக்கழகங்கள் நன்றாகச் செய்கிற ஆய்வுகள் இவைதான். கடைசி மைல்தான் எப்போதும் விட்டுப்போகிறது.

கூட்டங்களில் எனக்கு உண்மையிலேயே கவலை தருகிற ஒன்று இருக்கிறது. "நம் நாட்டுக்கு ஏற்ற மாதிரி மாற்ற வேண்டும்" என்று எல்லோரும் சொல்கிறார்கள், நானும் அதைத்தான் சொல்கிறேன், ஆனால் மாற்றும்போது முதலில் எடுக்கப்படுகிற கேள்விகள் எவை என்று பாருங்கள். சமூக ஈடுபாட்டுக்கென்று நிரந்தரமான பட்ஜெட் இருக்கிறதா? நமக்குப் பொருந்தாது, எடு. பதவி உயர்வில் இந்த வேலைக்கு உண்மையான இடம் இருக்கிறதா? அது நம் கையில் இல்லை, எடு. சமூகத்தின் பிரதிநிதிக்கு எந்தத் தீர்மானத்திலாவது குரல் இருக்கிறதா? நம் கட்டமைப்பு வேறு, எடு. கடைசியில் மிஞ்சுவது எத்தனை நிகழ்ச்சி, எத்தனை பேர். கஷ்டமான கேள்விகளை எல்லாம் கழற்றிவிட்டு இலகுவானதை வைத்துக்கொள்வதற்கு வெளிநாட்டுக் கருவியே தேவையில்லையே. என் கட்சி நேரெதிர். பணம், பதவி உயர்வு, குரல் என்ற மூன்றையும் தொடக் கூடாது. இன்றைக்குப் பூச்சியம் விழுந்தால் பூச்சியம் என்று எழுதுவோம், அந்தப் பூச்சியத்தைக் காட்டித்தான் மேலே கேட்க முடியும். மாற்ற வேண்டியது யாரிடம் கேட்கிறோம், எப்போது கேட்கிறோம், எப்படிக் கேட்கிறோம் என்பதை.

இங்கிலாந்தில் 2021இல் வெளிவரத் தொடங்கிய அறிவுப் பரிமாற்றச் சட்டகம் என்ற மதிப்பீட்டைப் பற்றியும் சிலர் கேட்டார்கள். அதில் ஆலோசனை வருமானம், காப்புரிமை மாதிரியான பண அளவுகள் நிறைய, சமூகத்துக்கு ஒரு பகுதி இருக்கிறது, அதுவும் சுயமதிப்பீடு. அதை இங்கே கொண்டுவந்தால் தேயிலைக் கம்பனிக்குச் செய்த ஆலோசனை மேலே நிற்கும், கொழுந்துக்காரிக்குச் செய்தது கீழே போகும். எனக்கு வேண்டாம்.

மாணவர்களை விட்டுவிட்டேன். தோட்டத்தில் இருந்து கெம்பஸ் போகும் பிள்ளைகள் இன்றைக்கும் குறைவு, பல்கலைக்கழக அனுமதிக்கான மாவட்டக் கோட்டாவில் பின்தங்கிய மாவட்டங்களுக்கான சலுகை நுவரெலியாவுக்கும் பதுளைக்கும் இருந்தும்கூட, தோட்டப் பாடசாலைகளில் விஞ்ஞானப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லாத பிரச்சினை அப்படியே இருக்கிறது. அப்படிப் போன பிள்ளைதான் ஒவ்வொரு ஆய்வுக் குழுவுக்கும் வாசல் திறந்துவிடுகிறது. தன் தோட்டத்துக்குக் கூட்டி வருவது, அத்தைக்கும் சித்திக்கும் எடுத்துச் சொல்லிச் சம்மதிக்க வைப்பது, சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இருக்கிற வினாக்கொத்தை நின்ற இடத்தில் நின்றபடி தமிழில் சொல்வது, சொன்ன பதிலைத் திருப்பிச் சொல்வது. அந்தப் பிள்ளையின் பெயர் ஆய்வில் இல்லை, பாடத்துக்குப் புள்ளியும் இல்லை. குழு போன பிறகு அவன் அம்மாவிடம்தான் எல்லோரும் கேட்கிறார்கள், "ஒன் மகன் கூட்டியாந்த ஆளுங்க என்னாச்சு?" என்று. ஆய்வாளர் அன்ட்ரூ ஃபர்கோ அமெரிக்காவில் தயாரித்த சேவைவழிக் கற்றல் (சமூகத்துக்கு வேலை செய்துகொண்டே பாடம் படிப்பது) அளவீட்டில், ஆசிரியர், மாணவர், சமூகம், நிறுவனம் ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்று வைத்திருக்கிறார். நமக்கு இதில் ஒரு சிக்கல் கூட இருக்கிறது, இங்கே மாணவரும் சமூகமும் பல நேரம் ஒரே ஆள். அந்தப் பிள்ளையின் வேலையைத் தனியாக எழுத, அதற்குப் புள்ளி கொடுக்க, அவன் தலையில் ஏறுகிற பொறுப்பைக் குறைக்க ஒரு இடம் வேண்டும்.

சரி, பாதியைத் தோட்டம் நிரப்புவது எப்படி என்று கேட்கிறீர்கள். நானும் எங்கள் பக்கத்து நண்பர்கள் சிலரும் சேர்ந்து சின்னதாகச் செய்து பார்த்தோம். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், கோயில் மண்டபத்தில். நிர்வாகத்து ஆட்கள், கங்காணி, கணக்கப்பிள்ளை யாரும் இல்லாமல். முதலில் எல்லோரும், அப்புறம் பெண்கள் தனியாக. எழுத்துப் படிவம் கிடையாது, பேச்சுத்தான், ஒருவர் எழுதி, கடைசியில் எழுதியதை உரக்க வாசித்துக் காட்டுவது. கேள்விகள் இவ்வளவுதான். இந்த வருசம் யாரு யாரு வந்தாங்க, எதுக்குன்னு சொன்னாங்களா, நீங்க கேட்டு வந்தாங்களா அவங்களா வந்தாங்களா, என்ன வாங்கிட்டுப் போனாங்க, திரும்பி வந்து என்ன சொன்னாங்க, அதனால எதாவது மாறுச்சா, இன்னொரு தடவை வந்தா வரச் சொல்வீங்களா. ஆண்களும் சேர்ந்திருந்தபோது எல்லாம் நல்லது, நல்ல ஆட்கள், நல்ல உதவி என்றே பதில் வந்தது. பெண்கள் தனியாக உட்கார்ந்த பிறகு கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை, அப்புறம் ஒரு அக்கா, "படம் புடிக்கிறப்ப மட்டும் முன்னுக்கு வரச் சொல்றாங்க, பேசுறப்ப பின்னுக்கு ஒக்கார வைக்கிறாங்க" என்றார், அதோடு கதை திறந்துவிட்டது. எந்தக் குழுவை மறுபடி வரச் சொல்ல வேண்டும், எதை வேண்டாம் என்று சொல்ல வேண்டும் என்று அவர்களுக்குள் தெளிவான அபிப்பிராயம் இருக்கிறது. கேட்க ஆளில்லாததுதான் குறை. கொழுந்து நிறுக்கும் இடத்தில் தராசு முள்ளை நாங்களும் பார்க்க வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வந்தவர்கள், கூடைக்கென்றும் ஈரத்துக்கென்றும் கிலோ வெட்டுவது பற்றி எப்படிக் கணக்குக் கேட்க வேண்டும் என்று தெரிந்தவர்கள். பல்கலைக்கழகத்தை நிறுத்துப் பார்க்கவும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

இதைச் சொன்னபோது வந்த மறுப்புகள் நியாயமானவை, விட்டுவிட முடியாது. ஒன்று, பயம். நாங்கள் கஷ்டப்பட்டுப் போய்ச் செய்துவிட்டு வருகிறோம், அங்கே திட்டு வாங்கி அது அறிக்கையில் விழுந்தால் அடுத்த வருடம் ஒருவரும் போக மாட்டார்கள் என்று ஒரு மூத்த விரிவுரையாளர் சொன்னார். இது உண்மை, அதனால்தான் ஒவ்வொருவருக்கும் புள்ளி போடும் வேலையாக இது இருக்கக் கூடாது, டெஃப்சேயில் செய்தது மாதிரித் தரவரிசை இல்லாமல் பல்கலைக்கழகம் முழுவதையும் பார்க்க வேண்டும். இரண்டு, மரியாதைக்காக நல்லதாகவே சொல்வார்கள், அல்லது அடுத்த தடவை பிஸ்கட் பெக்கட்டும் வராமல் போய்விடும் என்று நல்லதாகச் சொல்வார்கள். அதுவும் உண்மை, அதற்குத்தான் வந்த குழுவைச் சேராத ஒருவர் கேட்க வேண்டும், தனியாகக் கேட்க வேண்டும். மூன்று, இதற்குக் காசு எங்கே. ஒரு வேன், ஒரு நாள், இரண்டு பேர், தேத்தண்ணி. பளபளப்பான ஆண்டறிக்கையைக் கொஞ்சம் மலிவான தாளில் அடித்தால் போதும். இதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயம் இல்லை.

அடுத்த கூட்டத்துக்கு முன்னால் ஒரு வரைவை எழுதி வைக்கிறேன். டெஃப்சேயின் ஐந்து கோணங்களை அப்படியே வைத்து, எட்டாவது அளவுகோலின் தரநியமங்களோடு பொருத்தி, அதற்குப் பக்கத்தில் தோட்டம் நிரப்பும் பகுதியைச் சேர்த்து. அனுமதி தந்தவர் யார், பங்காளி யார், ரோட்டில் இருந்து எவ்வளவு தூரம், யாருடைய பேர் போனது, எந்த மொழியில் பேசினீர்கள், முடிவை யாரிடம் எப்போது திருப்பிச் சொன்னீர்கள் என்பவை அதில் கட்டாயம் இருக்கும். ஆனால் எனக்குத் தெரிந்தது தேயிலை மட்டும். கேகாலை, இரத்தினபுரிப் பக்கம் ரப்பர் தோட்டங்களில் விடியவே பால் வெட்டப் போய் மத்தியானத்தோடு வேலை முடிந்துவிடும், அங்கே சந்திக்கும் நேரமும் இடமும் வேறாக இருக்க வேண்டும், சிங்களக் கிராமங்களோடு கலந்து இருக்கிற இடங்களில் கேள்வியே வேறாக வேண்டியிருக்கலாம். பதுளைப் பக்கம் ஊருக்குள் இருந்து வேலைக்குப் போகிறவர்கள், கொழும்பில் கடையில் வேலை செய்துகொண்டு பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மட்டும் லயத்துக்கு வருகிற இளம் ஆட்கள், இவர்களை எப்படிக் கேட்பது என்று எனக்கு யோசனை தேவை. அந்தப் பக்கங்களில் இருந்து இதைப் படிக்கிறவர்கள், உங்கள் தோட்டத்துக்கு எந்தப் பல்கலைக்கழகமாவது வந்திருந்தால், என்ன எடுத்துப் போனார்கள், என்ன திருப்பித் தந்தார்கள் என்று எழுதி அனுப்புங்கள், நிறுவனத்தின் பெயர் வேண்டாம். வரைவு கேட்பவர்களுக்கு அனுப்பித் தருகிறேன், வெட்டித் திருத்தித் திருப்பி அனுப்புங்கள்.